"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஆன்மிகத் துணையாக இருப்பவரைச் சாப்ளெய்ன் என்பார்கள். ஆங்கிலிக்கன் பாதிரியார், கத்தோலிக்க குரு, இமாம், ரபி, இந்து ஆலோசகர் எனப் பல சமயத்தவரும் இந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். மனம் உடைந்து வரும் மாணவர் பல வேளைகளில் முதலில் கேட்பது, "இதை யாரிடமும் சொல்ல மாட்டீங்களே?" 'மாட்டேன்' என்று சொல்லத்தான் சாப்ளெய்ன்களான நமக்கும் தோன்றும். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றது நமக்குள்ளேதான் இருக்கும். ஆனா உங்க உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, குழந்தைக்குத் தீங்குன்னா, மாணவர் பாதுகாப்புக் குழுவிடம் நான் சொல்லியாகணும். முடிஞ்சவரை உங்களிடம் சொல்லிட்டுத்தான் செய்வேன்." எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு இந்த வரம்பைச் சொன்னால், அது துரோகமாகவே அவருக்குப் படும், மறுபடி வரமாட்டார். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனம் தனி. அதில் கேட்டதைக் குரு எக்காரணத்தாலும் வெளியிட முடியாது. ஆகவே நடப்பது பாவசங்கீர்த்தனமா, சாதாரணப் பேச்சா என்பது முதலிலேயே இருவருக்கும் தெளிவாக வேண்டும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதோ என்ற ஐயம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. உடனடி ஆபத்து என்றால் தனியே விடாதீர்கள், பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள். வளாகக் காவலர்களுக்கும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கட்டடம், எந்த வாசல் என்று ஆம்புலன்ஸ் தேடி நிற்கும். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டு அமைப்பான சமாரிட்டன்ஸின் 116 123 இரவும் பகலும் இயங்கும் கட்டணமில்லா எண்.

பாலியல் அத்துமீறலைச் சொன்னால் துருவாதீர்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கும் கேள்வி பின்னால் வரும் விசாரணையைக் கெடுக்கும். "என்ன நடந்தது?" போதும். அன்றே தேதி, நேரத்துடன் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். உங்கள் ஊகம் வேண்டாம்.

அறைக் கதவில் கண்ணாடி இருக்கட்டும், மாணவரின் நாற்காலி கதவுப் பக்கம் இருக்கட்டும். தலையில் கைவைத்து ஜெபிப்பதற்கு முன் கேளுங்கள். கடன் கொடுப்பதும், நள்ளிரவு வாட்ஸ்அப் பேச்சும் வேண்டவே வேண்டாம்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு தாய் அழைப்பார்: "ஃபாதர், பையன் போனே எடுக்கலை, உங்ககிட்ட வந்தானா?" மனம் பதறும். ஆனால் 18 வயது நிறைந்தவர் சம்மதிக்காமல், வந்தார் என்பதைக்கூடச் சொல்லக்கூடாது. "நான் எதுவும் சொல்ல முடியாதும்மா, ஆனா உங்க கவலையை மாணவர் நலப் பிரிவுக்கு இப்பவே தெரிவிக்கிறேன்" என்று சொல்லுங்கள். போனை வைத்ததும் அதைச் செய்யுங்கள்.