ஸ்மார்ட் வாட்ச் உறக்கத்தை எப்படிக் கணிக்கிறது?

ஸ்மார்ட் வாட்சின் அடிப்பக்கத்தில் மினுக்கும் பச்சை ஒளியை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சுகிறது. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி சற்றே குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பையும், அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் கருவி கணக்கிடுகிறது. கையசைவைப் பதிவுசெய்ய முடுக்கமானி ஒன்றும் உள்ளே இருக்கிறது.

ஆழ்ந்த உறக்கத்தில் துடிப்பு மெதுவாகவும் சீராகவும் இருக்கும். கனவுகள் மிகுந்த ரெம் உறக்கத்தில் உடல் அசையாதிருந்தாலும் துடிப்பு சீரற்றுப் போகும். இதை வைத்தே வாட்ச் உறக்க நிலைகளை ஊகிக்கிறது. ஊகம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உறக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளையும், அத்துடன் கண்ணசைவையும் தாடைத் தசையின் இறுக்கத்தையும் பதிவுசெய்த பின்னரே நிலைகளைப் பிரிக்கிறார்கள். மணிக்கட்டுக் கருவிக்கு இவற்றில் ஒன்றும் எட்டாது. அதனால்தான் நள்ளிரவில் விழித்துக்கொண்டு, அசையாமல் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பவரை அது பல வேளைகளில் உறங்குபவராகவே கணக்கில் சேர்த்துவிடுகிறது.

இந்த எண்கள் மனத்தையும் தொடுகின்றன என்பதே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. 2018-இல் வெளியான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றில், தூக்கமின்மையால் அவதிப்பட்டவர்களுக்கு மணிக்கட்டுக் கருவியின் பெயரால் பொய்யான முடிவுகள் காட்டப்பட்டன. மோசமாக உறங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள், நன்றாக உறங்கியதாகச் சொல்லப்பட்டவர்களைவிட அன்றைய பகலில் அதிகச் சோர்வையும் மனவாட்டத்தையும் உணர்ந்தனர். குறையற்ற உறக்க மதிப்பெண்ணைத் துரத்தியே உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நிலைக்கு, 2017-இல் சிகாகோ ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டனர்.

ஆகவே, "ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம்" என்ற வரியை விட்டுவிட்டு, படுக்கும் நேரமும் எழும் நேரமும் வாரம் முழுவதும் எவ்வளவு சிதறுகின்றன என்பதைப் பார்ப்பதே பயன் தரும். கருவி ஓரளவு நம்பகமாகச் சொல்வது அதைத்தான். எழும் நேரத்தை நிலைப்படுத்தினால் உடலின் உள்கடிகாரமும் நிலைப்படும். எண்களைக் கண்டு பதற்றம் எழுமானால் சில வாரங்கள் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் ஒரு தாளில் உறக்கத்தைக் குறித்து வரலாம். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் அத்தகைய நாட்குறிப்பிலிருந்தே தொடங்குகிறது.