நிக்நேம்: செல்லப்பெயரா, பட்டப்பெயரா, புனைபெயரா?

அக்கா மகன் காரைக்குடியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் வளவுத் (வீட்டின் உள்முற்றம்) தூணில் சாய்ந்து ஃப்ரீ ஃபயர் விளையாடிக்கொண்டிருந்தவன், "அம்மான், நிக்நேமுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். பட்டப்பெயர் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். செல்போனைத் திருப்பிக் காட்டினான். 'ஆத்தங்குடி அரக்கன்' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. "இது யாரும் வச்ச பட்டமில்லையே, நானே வச்சுக்கிட்டது" என்றான். அவன் சொன்னது சரி.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் கூடுதல். 'ஈக்நேம்' என்பது இருக்கிற பெயரோடு சேர்ந்த இன்னொரு பெயர். முன்னால் வரும் 'அன்' என்பதோடு சேர்த்து 'அன் ஈக்நேம்' என்று வேகமாகச் சொன்னதில், 'ன்' தாவி அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டிலேயே 'நீக்நேம்' என்று எழுதிவிட்டார்கள். அதுவே பிறகு நிக்நேம். (சமையலறை 'ஏப்ரன்' இதற்கு நேர் எதிர்: அது 'நேப்ரன்' ஆக இருந்து 'ந'வைத் தொலைத்தது.) 1988இல் பின்லாந்தின் யார்க்கோ ஓய்காரினென் ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறையை உருவாக்கியபோது, உள்ளே நுழையவே ஒரு 'நிக்' வேண்டும் என்று ஆனது. இணையத்தில் தானே வைத்துக்கொள்ளும் பெயருக்கு இந்தச் சொல் அப்படிப் பரவியது.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதைத் தமிழ் மூன்றாகப் பிரிக்கிறது. யார் வைத்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

வீட்டார் அன்பாக வைப்பது செல்லப்பெயர். செட்டிநாட்டில் இதற்கு ஒரு தேவையும் இருந்தது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். 'பெயரன்'தான் பேரன் ஆனது. அக்கா மகனுக்கும் அவன் ஐயா (அப்பாவின் அப்பா) பெயர்தான். ஆனால் அப்பத்தா தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லமாட்டார், அக்கா மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அதனால் பிறந்ததிலிருந்தே அவன் 'அப்பு'.

ஊரோ கூட்டாளிகளோ வைப்பது பட்டப்பெயர். பாராட்டாகவும் இருக்கும், கேலியாகவும் இருக்கும். சூட்டப்படுபவன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

தானே தேர்ந்து வைத்துக்கொள்வது புனைபெயர். இதை எழுத்தாளர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம், அது எனக்கு வருத்தம்தான். புனைதல் என்றால் சூடுதல், அழகுசெய்தல், தொடுத்தல், கற்பனையாகப் படைத்தல். வண்ணம் தீட்டாத சித்திரத்தை நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்கிறது. ஆகவே புனைபெயர் பொய்ப்பெயர் இல்லை. ஆசைப்பட்டு அணிந்துகொள்ளும் பெயர். இதே சீமையின் சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த முத்தையா, காரைக்குடிக்குச் சுவீகாரம் போய் நாராயணன் ஆனார். அந்த இரண்டும் பிறர் வைத்தவை. இருபது வயதுகூட ஆகாத பருவத்தில் பத்திரிகை வேலைக்குப் போனபோது தானே சூடிய பெயர்தான் கண்ணதாசன். அதோடு நிற்காமல் காரை முத்துப்புலவர், வணங்காமுடி என்றும் எழுதினார். பிள்ளைகள் இன்று ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வொரு பெயரில் இருப்பதைப் பார்த்து நாம் ஏன் பதறவேண்டும்?

பெயரோடு பேச்சும் மாறுகிறது. அன்று அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். விளையாட்டில் "டேய் நூப், ரீவைவ் பண்ணுடா" என்று கத்துகிறான் (நூப் என்றால் கற்றுக்குட்டி, ரீவைவ் என்றால் விழுந்தவனை எழுப்புவது). நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் ஒருவர் விசாரித்ததற்கு, "நல்லா இருக்கேன் ஐயா, பரீட்சை முடிஞ்சதும் வர்றோம்" என்று தமிழ் எழுத்தில் தட்டுகிறான். அப்புறம் உள்ளிருந்து அப்பத்தா கூப்பிட, "இந்தா வர்றேன் அப்பத்தா" என்று குரலே வேறாகிறது. மூன்றிலும் இருப்பவன் அவன்தான். நான் விளையாட்டாக "ஏய் அரக்கா" என்றதும் முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பேரை இங்க சொல்லாதீங்க அம்மான்" என்றான்.

சரி, நிக்நேமை எப்படித்தான் தமிழில் எழுதுவது? விளையாட்டிலோ இன்ஸ்டாகிராமிலோ தானே வைத்துக்கொண்டது என்றால் புனைபெயர். மெசஞ்சர் அரட்டையில் நண்பன் நமக்கு மாற்றிவைக்கும் பெயரையும் அந்தச் செயலி நிக்நேம் என்றே சொல்கிறது, அது பட்டப்பெயர். அக்கா தன் போனில் மகன் எண்ணை 'அப்பு' என்று பதிந்துவைத்திருக்கிறாள், அது செல்லப்பெயர்.