அக்பட்ஸா ஆட முகத்தில் கரி எதற்கு?

மேற்கு ஆப்பிரிக்காவின் எவே மக்களுடைய ஆட்டமான அக்பட்ஸாவை ஆடுவதற்கு முகத்தில் கரி பூச வேண்டியதில்லை. இலைப் பாவாடை வேண்டாம், கையில் ஈட்டி வேண்டாம், வாயில் கை வைத்துக் கூச்சல் போடவும் வேண்டாம். ஆண்டு விழாக் காலம் வந்தால் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது.

தாள வாத்தியம் சொல்லித்தருவது என் தொழில். மிருதங்கத்தில் தொடங்கியவன், பல வருடங்களாக எவே மக்களின் குழு இசையையும் மாணவர்களுக்குப் பயிற்றுவிக்கிறேன். இந்த முறை ஒரு பள்ளி விழாவின் வீடியோவை அனுப்பி, "மாஸ்டர், நீங்கள் சொல்லித்தருகிற அதே டான்ஸ்தான், பாருங்கள்" என்றார்கள். அழைப்பிதழில் அக்பட்ஸா என்று அச்சடித்திருக்கிறது. மேடையில் கரி பூசிய குழந்தைகள் ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் துடிப்புக்குக் குதிக்கிறார்கள். குழந்தைகள் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபமில்லை. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எவே மக்கள் கானா நாட்டின் தென்கிழக்கிலும், டோகோவிலும், பெனினிலும் வாழ்கிறார்கள். ஐரோப்பியர் கிழித்த எல்லைக்கோடு அவர்களின் ஊர்களுக்கு நடுவே போகிறது. பாட்டும் கொட்டும் ஆட்டமும் அந்தக் கோட்டை ஒருநாளும் மதித்ததில்லை. அக்பட்ஸா அவர்கள் எல்லோரும் அறிந்த ஆட்டம். அட்ரிக்புயி என்ற பழைய போர்க்கால ஆட்டத்திலிருந்து வந்தது. இன்று கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றிலும் ஆடுகிறார்கள். முழங்காலைச் சற்று மடக்கி, உடலை முன்சாய்த்து, தோள்பட்டை எலும்புகளால் ஆடுகிற ஆட்டம் இது. வட்டத்துக்குள் இருவர் இருவராக வந்து எதிரெதிரே ஆடிவிட்டுத் திரும்புவார்கள். எழுபது வயதுப் பாட்டி எழுந்து நாலே அடி ஆடினாலும் ஊர் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குதிப்பதற்கு அதில் இடமே இல்லை.

என்னை எல்லாவற்றையும்விட எரிச்சல்படுத்துவது ஒரு வாக்கியம். "ஆப்பிரிக்க இசைக்குக் கணக்கெல்லாம் கிடையாது மாஸ்டர், மனசுக்குத் தோன்றியபடி அடிக்க வேண்டியதுதான்." படித்தவர்கள், சபா சபாவாகக் கச்சேரி கேட்பவர்கள் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

எவே குழுவில் எல்லாரையும் கட்டி நிறுத்துவது பெரிய முரசு அல்ல. கங்கோகுயி என்ற இரும்பு மணி. பெரியதும் சிறியதுமாக ஒட்டிய இரட்டை மணி, இரண்டு குரல். அக்பட்ஸாவில் அது 12 மாத்திரை, அதாவது 12 சம அளவுத் துடிப்புகள், கொண்ட ஒரு சுற்று. அதில் 1, 3, 5, 6, 8, 10, 12 என்று ஏழு இடங்களில் அடி விழும். முதல் அடி கீழ்க்குரல், மற்றவை மேல்குரல். பாட்டு முடியும்வரை மணிக்காரர் இதை மாற்றக் கூடாது. ஒரு அடி தப்பினால் குழு முழுவதும் திரும்பிப் பார்க்கும். அதனால்தான் அங்கே அந்த மணியை நம்பகமானவர் கையில்தான் கொடுப்பார்கள். ஆடுபவர் கால் மூன்று மூன்று மாத்திரையாக நான்கு தட்டில் நடக்கும். ககானு என்ற மிகச் சிறிய முழவு அந்த மூன்றில் முதல் மாத்திரையை விட்டுவிட்டு, இரண்டிலும் மூன்றிலும் மட்டும் பேசும். பாசிமணி கோத்த சுரைக்குடுவையான அஹாட்சே தொடைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரும்பு மணியின் நடையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். கிடி என்ற முழவு பதில் சொல்லும். யாருக்குப் பதில்? அக்பட்ஸாவில் சோகோ என்ற தலைமை முழவுக்கு. அட்சியாக்பெகொர் என்ற போர் ஆட்டம் போன்றவற்றில் அட்சிமெவுக்கு. அது ஆள் உயரத்துக்கு நெருங்கிய முழவு, தாங்கியில் சாய்த்து வைத்து நின்றபடி வாசிப்பது.

தலைமை வாசிப்பவருக்குச் சுதந்திரம் உண்டு. அதற்கு அவர் அந்த ஆட்டத்துக்கான சொற்களை அறிந்திருக்க வேண்டும். நம்முடைய சொற்கட்டு மாதிரி அங்கும் ஒவ்வொரு அடிக்கும் ஓர் அசை உண்டு. வாயில் வராதது கையில் வராது என்று அங்குள்ள ஆசிரியர்களும் கண்டிப்பாகத்தான் இருப்பார்கள். தலைமை முழவு சொல்லை மாற்றினால் கிடியும் மாற வேண்டும், ஆடுபவர் அடவும் மாற வேண்டும். அட்சியாக்பெகொரில் வரிசை வரிசையாக நின்று, கையில் குதிரைவால் கவரியோடு, வேவு பார்ப்பதையும் பதுங்கிப் பாய்வதையும் ஆடுகிறவர்கள் ஒரே நொடியில் திரும்புவது இப்படித்தான். தோன்றியபடி அடித்தால் அது நடக்குமா? (தாளம் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு முதலில் ஆறு தட்டாகக் கேட்கும். காதை நம்பாதீர்கள், ஆடுபவர் காலைப் பாருங்கள்.)

ஜெம்பேயை வைத்து எவே இசை என்று சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஜெம்பே மாலி, கினி பக்கத்து மாண்டே மக்களின் வாத்தியம். கயிறு இழுத்துச் சுதி கூட்டி, கையால் வாசிப்பது. எவே முழவுகள் பீப்பாய் போல மரப்பட்டைகளைச் சேர்த்து இரும்பு வளையம் பூட்டிச் செய்தவை. தோலை முளைகளில் மாட்டியிருப்பார்கள், பெரும்பாலும் குச்சியால் வாசிப்பார்கள்.

இன்னொன்று, "பழங்குடி ஆட்டம்" என்ற முத்திரை. வட எவே பகுதியின் போபோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். க்பாண்டோ என்ற ஊரில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. முழவுகளோடு எக்காளமும் ஊதுவார்கள். பெண்கள் இரண்டு கையிலும் வெள்ளைக் கைக்குட்டை பிடித்து வட்டமாக வருவார்கள். நம் சினிமாவின் முதல் பேசும்படத்தைவிட இளையது. இதைக் காட்டில் பிறந்ததாகக் காட்டினால் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

உடை பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் சுருக்கம்தான். அவர்கள் துணி உடுத்துபவர்கள். அக்போசுமே போன்ற ஊர்களில் தறியில் நெய்த எவே கென்டேயைப் பெரிய நாளில் தோளில் போட்டுக்கொள்வார்கள். உள்நாட்டுத் துணி உடுத்தியதும் சேர்ந்து ஒருவரின் வேலையையே பறித்திருக்கிறது. பெக்கி ஊரில் 1899-இல் பிறந்த எஃப்ராயிம் அமு, இசையமைப்பாளர், ஆசிரியர். அக்ரோபாங் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது, ஐரோப்பிய உடையை விட்டுவிட்டு உள்நாட்டுத் துணி உடுத்தித் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். ஆப்பிரிக்க இசையைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை, 1933-இல் அனுப்பிவிட்டார்கள். அவர் மாறவில்லை. பிற்காலத்தில் கானாவின் 20,000 செடி (அந்த நாட்டு நாணயத்தின் பெயர்) நோட்டில் அவருடைய முகமே அச்சானது. நாட்டின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த பிலிப் க்பேஹோவும் எவேதான், கேட்டா என்ற கடற்கரை ஊர்ப் பக்கத்துக்காரர்.

மதம் மாறியவர் முழவைத் தொடக் கூடாது என்று மிஷன் காலத்தில் தடை இருந்தது. அதைக் கடந்துதான் இந்த இசை நம் கைக்கு வந்திருக்கிறது. "காட்டுமிராண்டித்தனம்" என்று சொன்னவர்களின் சொல்லை எவே மக்கள் இவ்வளவு பாடுபட்டுத் துடைத்திருக்க, நாம் நம் பிள்ளைகளின் முகத்தில் அதைக் கரியாகப் பூசுகிறோம். என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கானாவின் தென்கிழக்குக் கரையோரத்தில் வாழும் அன்லோ எவேக்களுக்கு ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர்களின் அன்லோகா ஊரில் ஹொக்பெட்சொட்சோ விழா நடக்கும், 1962 முதல் நடக்கிறது. இன்றைய டோகோவில் உள்ள நோட்சேயில் அகோகொலி என்ற கொடுங்கோல் அரசனின் மதிலுக்குள் அடைபட்டிருந்த முன்னோர் தப்பிவந்ததை நினைவுகூரும் விழா. பெண்கள் கழுவிய தண்ணீரை மதிலின் ஒரே இடத்தில் ஊற்றி ஊற்றி மண்ணை இளக்கினார்கள், உடைத்து வெளியேறியவர்கள் காலடித்தடம் ஏமாற்றும்படி பின்னோக்கி நடந்தார்கள் என்பது மரபுக்கதை. அந்தப் பின்னடை இன்றும் ஆட்டத்தில் இருக்கிறது. விழாவுக்கு முன் ஊர்ப்பகைகளைப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வினோகோ அக்பலு கட்டிய ஒப்பாரிகள் இன்றும் சாவு வீட்டில் ஒலிக்கின்றன. ஊரின் ஆட்டத்திலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தவனுக்குக் கௌரவமான அடக்கம் கிடைக்காது என்று பயப்படுவார்கள்.

ஆகவே, ஆசிரியர்களே, நடனம் அமைப்பவர்களே. அழைப்பிதழில் ஆட்டத்தின் பெயரையும் மக்களின் பெயரையும் நாட்டின் பெயரையும் போடுங்கள், "ஆப்பிரிக்கன் டான்ஸ்" என்று ஒரு கண்டத்தையே எழுதாதீர்கள். முகத்துக்குப் பூச்சு கூடாது, இதில் பேச்சே இல்லை. யேவே என்ற தெய்வத்தை வழிபடும் குழுக்களின் இசையைத் தொடாதீர்கள். தீட்சை பெற்றவர்களுக்கு உரியது அது, வீடியோவில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. பதிவிலிருந்து மணி ஓசையை வெட்டிவிட்டு அடியில் பேஸ் சேர்க்காதீர்கள். உங்கள் ஊருக்குக் கானாவிலிருந்து கலைஞர் வந்தால் அவரை மேடையில் ஆடச் சொல்வதற்கு முன் வகுப்பெடுக்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் சம்பளம் கொடுங்கள். அடுத்த வாரம் விழா, நாலு வகுப்பில் முடித்துக் கொடுங்கள் என்று என்னையும் கூப்பிடாதீர்கள். முடியாது.

நேரம் குறைவு, ஆனால் ஆசை இருக்கிறது என்றால், சின்னப் பிள்ளைகளுக்குப் போபோபோவில் தொடங்கலாம். எவே மொழியில் ஒரே ஒரு பாட்டு, கையில் வெள்ளைக் கைக்குட்டை, வட்டமாக ஒரு நடை. பெரிய பிள்ளைகளுக்கு முழவு தருவதைத் தள்ளிப்போடுங்கள். மணியின் ஏழு அடியைக் கைதட்டிக்கொண்டே நான்கு தட்டில் நடக்கட்டும். இரண்டும் சேர்ந்து வர சில வாரம் ஆகும். அது வந்த பிறகு எனக்கு ஒரு போன் செய்யுங்கள், கிடியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.