லர்ச்சரை ஓட விடும் முன் ஒரு வருடம்

வட இங்கிலாந்தில், செம்மறி மேயும் புல்வெளிகளும் கல்வேலிகளும் நிறைந்த ஒரு நாட்டுப்புறப் பகுதியில் 14 ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்த்து வருகிறேன். இலைகள் உதிர்ந்து புதர்கள் வாடிய பின், அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை, வேட்டைக்குப் போய்க் காயப்பட்ட லர்ச்சர் என்னும் கலப்பு நாய்கள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் என்னை மிகவும் வருத்துபவை ஒரு வயது கூட நிரம்பாத குட்டிகள்தாம். ஒரு டிசம்பர் இரவில் ஓர் இளைஞர் தம் ஏழு மாதக் குட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். விளக்கொளியில் முயலைக் கண்டு முழு வேகத்தில் பாய்ந்த அது, உழவுசாலில் முன்னங்காலை விட்டு உருண்டிருந்தது. முன்னங்காலில் இணையாக ஓடும் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவின் கீழ்முனையில், எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தட்டு நசுங்கிப் போயிருந்தது. வலி சில வாரங்களில் அடங்கிவிட்டது. ஆனால் அல்னா வளராமல் நின்றுவிட, பக்கத்திலிருந்த ரேடியஸ் மட்டும் தொடர்ந்து வளர்ந்ததால், நான்கு மாதங்களில் கால் வில்லாக வளைந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. அறுவை சிகிச்சை செய்து ஓரளவு நேராக்கினோம். அந்த நாய் இன்று நலமாக நடக்கிறது. ஆனால் அதன் பிறகு அது வேட்டைக்கு ஓடியதே இல்லை.

அந்த இளைஞர் கொடுமைக்காரர் அல்லர். குட்டி பார்ப்பதற்கு வளர்ந்த நாயைப் போல இருந்தது, அவ்வளவுதான். லர்ச்சர் ஏழு மாதத்தில் ஏறக்குறைய முழு உயரத்தை எட்டிவிடும். எலும்பின் வளர்ச்சித் தட்டுகளோ பத்து முதல் பன்னிரண்டு மாதம் வரை, பெரிய வகைகளில் அதற்குப் பிறகும், மூடாமல் இருக்கும். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

லர்ச்சர் என்பது தனி இனம் அன்று. கண்ணால் கண்டு துரத்தும் கிரேஹவுண்ட், விப்பெட், சலுக்கி, டீர்ஹவுண்ட் போன்றவற்றில் ஒன்றை, மேய்ப்பு நாயுடனோ டெரியருடனோ சேர்த்துப் பிறப்பிக்கும் கலப்பு அது. இரண்டு ஓட்ட இனங்களையே தமக்குள் கலந்தால் அதை லாங்டாக் என்பார்கள். கிரேஹவுண்ட் தரும் வேகத்தோடு மற்ற இனத்தின் அறிவும், அடர்ந்த முடியும், தாங்கும் திறனும் சேர வேண்டும் என்பதே கலப்பின் நோக்கம். ஊரில் கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களை வளர்த்த குடும்பங்களிலிருந்து இங்கு வந்து குடியேறிய தமிழர்கள் சிலர், அந்த உடல்வாகைக் கண்டதும் மனம் இளகி, லர்ச்சர் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டதுண்டு. அவர்களிடம் முதலில் நான் பேசுவது நாயைப் பற்றி அல்ல, முயலைப் பற்றி.

தமிழில் நாம் ‘முயல்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது இங்கே இரண்டு விலங்குகள். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ராபிட். திறந்த வயலில் தரைமேல் பள்ளம் பறித்துத் தனியே படுப்பது ஹேர். ஹேர் உடலில் பெரியது, காதுகள் நீண்டு நுனியில் கறுத்திருக்கும். 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறையில் உள்ள 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டுப் பாலூட்டிகளை நாய்விட்டு வேட்டையாடுவது குற்றம். நில உரிமையாளரின் அல்லது நிலத்தைப் பயன்படுத்துபவரின் அனுமதி இருந்தால் ராபிட்டுக்கும் எலிக்கும் விலக்கு உண்டு. ஹேரை நாய்விட்டுத் துரத்துவதற்கு அத்தகைய விலக்கு இல்லை. 2022இல் ஹேர் துரத்தலுக்கான தண்டனைகள் கடுமையாக்கப்பட்டு, ஆறு மாதம் வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும், நாய் வளர்க்கத் தடையும் விதிக்க நீதிமன்றங்களுக்கு வழி செய்யப்பட்டது. நம் ஊர்க் காட்டுமுயல் உண்மையில் ஹேர் வகையைச் சேர்ந்தது. அதை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவிலும் குற்றம். ஆகவே ‘ஊரில் தாத்தா துரத்திய அதே முயல்’ என்ற நினைப்போடு இங்கே வயலில் இறங்க வேண்டாம். அனுமதியை எழுத்தில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்குச் சட்டம் தெரியாது என்பதால், ஹேர் எழுந்தோடும்போது உங்கள் குரலுக்கு அது நிற்க வேண்டும். நான் பயிற்சியை வேகத்திலிருந்து தொடங்காமல் அடக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இனித் தேர்வு. வாங்க வருபவர்கள் ‘எவ்வளவு வேகம்?’ என்று கேட்கிறார்கள். முக்கால் பங்கு கிரேஹவுண்ட் இரத்தம் உள்ள குட்டி மின்னலாக ஓடும் என்பது உண்மை. ஆனால் வேலிகளும் சிறு வயல்களும் உள்ள இந்த நிலத்தில் அந்த வேகமே அதைக் கம்பியில் மோத வைக்கிறது. கிரேஹவுண்டின் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் குறைவு. மற்ற நாய்க்குக் கீறலாக முடியும் முள்கம்பி இதற்குக் கைநீளத் தையலாகிறது. முதன்முறையாக வளர்ப்பவருக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டு. ஃபெரெட் என்னும் கீரி போன்ற சிறு வளர்ப்பு விலங்கை வளைக்குள் விட்டு, வெளியே சுருக்கு வலை வைத்துப் பகலில் செய்யும் வேட்டைக்கு, தோளுயரம் 50 சென்டிமீட்டர் அளவில் நிற்கும் விப்பெட், பெட்லிங்டன் டெரியர் கலப்பு போதும். இரவில் விளக்கோடு பெரிய வயல்களிலும் போக வேண்டுமானால் 58 முதல் 64 சென்டிமீட்டர் உயரமுள்ள கிரேஹவுண்டுக்கும் மேய்ப்பு நாயான கோலிக்கும் நேரடியாகப் பிறந்த முதற்கலப்பு பொருந்தும். கோலியின் அறிவு உங்களுக்கு உதவியும் செய்யும். நீங்கள் ஒருமுறை செய்த தவறை அது மறக்கவும் மறக்காது.

குட்டியை அதன் தாயோடு, பிறந்த இடத்தில் பாருங்கள்; ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் வணிகமாக விற்பதை இங்கிலாந்து 2020 ஏப்ரலில் தடை செய்துவிட்டது. எட்டு வாரம் ஆனதும் மைக்ரோசிப் பொருத்தியிருப்பதும் 2016 முதல் கட்டாயம். பெற்ற நாய்கள் இரண்டும் வேலை செய்பவையா, செய்யும்போது உரிமையாளரிடம் திரும்பி வருகின்றனவா என்பதை நேரில் காணுங்கள். குட்டியின் பாதம் விரல்கள் நெருங்கிக் குவிந்திருக்க வேண்டும். தட்டையான, விரிந்த பாதம் பின்னாளில் விரல் முறிவுக்கு எளிதில் இடம் கொடுக்கும். கீழ்த்தாடை குட்டையாகவோ முன்தள்ளியோ இருந்தால் முயலை நோகாமல் தூக்கி வர இயலாது. மூலையில் ஒதுங்கும் குட்டியையும், மற்றவற்றைக் கடித்து உருட்டும் குட்டியையும் விட, உங்களை நோக்கி வந்து, கீழே விழுந்த சாவிக்கொத்தின் ஓசைக்கு ஒரு கணம் திடுக்கிட்டு மறுகணம் அதை முகர வரும் குட்டியை நான் எடுப்பேன்.

கலப்பு நாய் என்றாலே நோய் வராது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு; அது பாதி உண்மை. கோலி இனங்களில் ஒரு மரபணுக் குறை இருக்கிறது. மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளும் புரதம் அக்குறை உள்ள நாய்களில் வேலை செய்யாது. நீண்ட முடியுள்ள ரஃப் கோலியில் இது மிகப் பரவலாகவும் பார்டர் கோலியில் அரிதாகவும் காணப்படுகிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறை வந்திருந்தாலும் சில மருந்துகளுக்குப் பாதிப்பு வரலாம். குதிரைக் கொட்டிலில் கீழே சிந்திய ஐவர்மெக்டின் என்னும் புழு மருந்துப் பசையை நக்கிய ஒரு கோலிக் கலப்பு லர்ச்சர், கண்மணி விரிந்து, வாயில் நுரை வழிய, நிற்க முடியாமல் தள்ளாடி வந்தது. இரண்டு நாள் நினைவின்றிக் கிடந்து ஐந்தாம் நாள்தான் எழுந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் போதும், பரிசோதனை முடிவு கிடைத்துவிடும். கோலிக் கலப்புக் குட்டி எதுவானாலும் நான் அதைச் செய்யச் சொல்கிறேன். பெட்லிங்டனில் கல்லீரலில் செம்பு தேங்கும் நோய் ஒன்று உண்டு. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் குறை வந்தால்தான் அது வெளிப்படும் என்பதால் முதற்கலப்பில் பயமில்லை. ஆனால் பெட்லிங்டன் இரத்தமுள்ள இரண்டு லர்ச்சர்களைச் சேர்க்கும்போது பரிசோதித்தே ஆக வேண்டும்.

கிரேஹவுண்ட் பக்கத்திலிருந்து வரும் இயல்புகளும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றின் இரத்தத்தில் சிவப்பணு விகிதம் இயல்பாகவே மிகுதி, தைராய்டு அளவு இயல்பாகவே குறைவு. இதை அறியாமல் அறிக்கையைப் படித்தால் இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை கொடுக்க நேரும். சில மயக்க மருந்துகளிலிருந்து இவை மெதுவாகவே மீளும். எனவே புதிய மருத்துவமனையில் பதிவு செய்யும்போது ‘கலப்பு’ என்று மட்டும் எழுதாமல் எந்த இனங்களின் கலப்பு என்று சொல்லுங்கள்.

முதல் ஆண்டுப் பயிற்சி முழுவதும் குட்டியை ஓட வைக்காமலே நடக்கக்கூடியது. எட்டாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை அதன் மனம் திறந்திருக்கும் காலம். செம்மறி, கோழி, பூனை, ஃபெரெட், துப்பாக்கி ஓசை, வண்டிப் பயணம் ஆகிய எல்லாவற்றையும் வாரில் பிடித்தபடி, அமைதியாக, பலமுறை காட்டுங்கள். ஆடுகளிடையே நடத்திச் செல்லும்போது குட்டி ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கணத்திலேயே தின்பண்டம் கொடுங்கள். ஆட்டைத் துரத்தும் நாயை விவசாயி சுடவும் சட்டத்தில் இடமிருக்கும் நாடு இது. இந்த ஒரு பாடம் தேறாத லர்ச்சரை நான் எக்காலத்திலும் வாரிலிருந்து அவிழ்க்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது எடுத்து வருதல். குட்டி செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தால் கூடத் திட்டாதீர்கள். ‘கொண்டு வந்தால் அடி விழும்’ என்று கற்ற நாய், பின்னாளில் உயிருள்ள முயலைக் கவ்வியபடி உங்களைச் சுற்றிச் சுற்றி வருமே தவிரக் கையில் தராது. வீட்டின் குறுகிய நடைவழியில், அது உங்களைத் தாண்டிப் போக இடமில்லாதபடி அமர்ந்து, முயல்தோல் சுற்றிய சிறு பொதியை உருட்டி விடுங்கள். திரும்பி வரும்போது பொதியைப் பிடுங்காமல் முதலில் நெஞ்சைத் தடவிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். நான்காவது முறைக்கு லர்ச்சர் சலித்துவிடும், சலிப்போடு செய்தது அதற்குப் பழக்கமாகிவிடும்.

தாண்டுதல் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகுதான். அதுவரை, முழங்கால் உயரத்துக்கு மேல் எதையும் தாண்ட விட வேண்டாம். முள்கம்பியைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன்: எந்த வயதிலும் அதைத் தாண்டக் கற்பிக்காதீர்கள், கதவருகே காத்து நிற்கக் கற்பியுங்கள்.

ஒரு வயது நிரம்பிய பின் வரும் முதல் வேட்டைக் குளிர்காலத்தைப் பகல்நேர ஃபெரெட் வேலையோடு தொடங்குவது நல்லது. நாய் வளையை முகர்ந்து உள்ளே முயல் இருக்கிறதா என்று காட்டவும், வலையருகே அசையாமல் நிற்கவும் கற்கும். ஓட்டம் சில அடிகளே. அதன் பிறகே இரவில் விளக்கொளி வேட்டை. முதல் சில இரவுகளில் இரண்டு ஓட்டங்களுக்கு மேல் வேண்டாம், அதுவும் பகலில் நீங்களே நடந்து குழியும் கம்பியும் பார்த்து வைத்த வயலில். உடல் பழகாத நாயைத் திரும்பத் திரும்ப ஓட விட்டால் தசைநார்கள் சிதையும். முதுகும் தொடையும் கல்லாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். அது சிறுநீரகத்தை அழிக்கும் நிலை. அதைக் கண்டால் காலை வரை காத்திருக்காமல் அந்த இரவிலேயே இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்ற அழைத்து வாருங்கள்.

வீடு திரும்பியதும் வயிறு நிறையத் தீனி வைக்காமல், முதலில் மேலே கம்பளிச் சட்டை போட்டு, சிறிது சிறிதாக நீர் கொடுங்கள்; மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் ஆன பின் உணவு. முயலின் உள்ளுறுப்புகளைப் பச்சையாகத் தின்ன விட வேண்டாம், நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் அவற்றில் இருக்கலாம். எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. நாய் சூடடங்கிப் படுத்த பிறகு, விளக்கை அருகில் வைத்து ஒவ்வொரு விரலிடுக்கையும், நகத்தின் அடியையும், தொடையின் உட்புறத்தையும், இரண்டு கண்களையும் பாருங்கள். ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டிருந்தால் உள்ளே முள் இருக்கலாம். நீங்களே எடுக்க முயலாமல் தொலைபேசியில் அழையுங்கள், நள்ளிரவானாலும்.