போன் போனால் கடை நிற்கக் கூடாது: வீட்டிலிருந்து ஆன்லைனில் விற்பவர்களுக்கான அவசர ஏற்பாடுகள்

புடவை, மசாலாப் பொடி, கவரிங் நகை என்று வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் பலருக்குக் கடை என்பதே ஒரு போன்தான். ஆர்டர், பணம், ஓடிபி எல்லாம் ஒரே எண்ணுக்குத்தான் வருகின்றன. வெள்ளம், தீ என்று யோசிப்பதற்கு முன் அந்த எண் நாளைக்கு வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அடிக்கடி நடப்பது அதுதான்.

முதலில் சிம் யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில், மைத்துனர் பெயரில் வாங்கிய சிம்மில் வியாபாரம் ஓடுவது நம் ஊரில் சகஜம். போன் தொலைந்தால் டூப்ளிகேட் சிம் வாங்க அவர்தான் ஆதாரோடு வர வேண்டும். அவர் துபாயில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

டூப்ளிகேட் சிம் கைக்கு வந்தாலும் முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது, போகாது. உங்கள் எண்ணுக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடும் சிம் மாற்று மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த விதி அது. வங்கி ஓடிபி அன்று கிடைக்காது. யுபிஐ செயலி உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதிவாகும் என்பதால் அதுவும் நடக்காது. மறுநாள் பதிவானாலும், புதுப் போனில் முதல் ஒரு நாளுக்குப் பெரும்பாலான வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. சரக்கு வாங்கும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நாளாக அது இருந்தால் சிக்கல். வேறொரு எண்ணோடு இணைந்த இரண்டாவது வங்கிக் கணக்கு இதற்காகத்தான் வேண்டும். அந்த இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் விடுபடாமல் பாருங்கள். 90 நாள் பயன்படுத்தாத சிம்மை நிறுவனம் துண்டிக்கலாம்.

வாட்ஸ்அப்பைப் புதுப் போனில் பதியும்போது எஸ்எம்எஸ் வராவிட்டால் அழைப்பு வழியாகக் குறியீடு கேட்கலாம். அதற்கடுத்து இரண்டடுக்குச் சரிபார்ப்பின் 6 இலக்க ரகசிய எண்ணை (பின்) கேட்கும். பின் மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுக்காமல் விட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அதற்காக இந்தச் சரிபார்ப்பையே அணைத்து வைக்காதீர்கள், கணக்கைத் திருடுபவனுக்கு அது வழிவிடும். பின் வையுங்கள், மின்னஞ்சல் கொடுங்கள், பின்னைத் தாளில் எழுதி வையுங்கள்.

பழைய சாட் எல்லாம் கூகுள் டிரைவில் பேக்அப் இருக்கிறதே என்பார்கள். அந்தக் கூகுள் கணக்கைத் திறக்கும் ஓடிபி எங்கே வரும்? அதே தொலைந்த எண்ணுக்கு. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்அப் குறியீடுகள் என்று 8 இலக்கத்தில் 10 எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இன்ஸ்டாகிராமிலும் இதேபோல உண்டு. குறியீடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் பயனில்லை.

லேப்டாப்பில் வாட்ஸ்அப்பை இப்போதே இணைத்து வைத்திருந்தால், போன் உடைந்து அணைந்துபோன நாளிலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லலாம். முதன்மைப் போனை 14 நாள் தொடாமல் விட்டால்தான் இணைப்பு துண்டிக்கப்படும்.

ஆனால் வாட்ஸ்அப்பையே ஆர்டர் நோட்டாக வைத்திருப்பதுதான் அடிப்படைத் தவறு. 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றன. அன்றைய முகவரிகள் சாட்டில் மட்டும் இருந்திருந்தால் பார்சல் கட்டவே முடிந்திருக்காது. தினமும் மாலையில் கூகுள் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: ஆர்டர் எண், பெயர், போன், பின்கோடோடு முகவரி, பொருள், தொகை, யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், கூரியர் எண். வாரம் ஒருமுறை அதைப் பென்டிரைவில் இறக்குங்கள். இன்னொன்று, எண் மாறினால், ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உதவாது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும், புது எண்ணை யாரும் சேமித்திருக்க மாட்டார்கள். பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் இரண்டாவது எண்ணையும் இன்ஸ்டா பக்கத்தின் பெயரையும் இப்போதிருந்தே அச்சிடுங்கள்.

அடுத்தது, யாரும் எதிர்பார்க்காத அடி: வங்கிக் கணக்கு முடக்கம். மோசடியில் பணம் இழந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்ததும், அந்தப் பணம் போன கணக்குகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து நிறுத்துவார்கள். அதில் 1,800 ரூபாய் உங்களிடம் புடவை வாங்கச் செலவாகியிருந்தால் உங்கள் கணக்கும் அந்தச் சங்கிலியில் வந்துவிடும். சில நேரம் அந்தத் தொகையை மட்டும் நிறுத்துவார்கள், சில நேரம் முழுக் கணக்கையும். பதறாமல் வங்கிக் கிளையில் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், அதன் மின்னஞ்சல். பிறகு பில், சாட் பதிவு, பேக்கிங் படம், கூரியர் ரசீது, டெலிவரி ஆன சான்று ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் ஆக்கி வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவிட்டுக் கணக்கை இயக்க விடவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம். பில்லே போடாமல் விற்றவரிடம் காட்ட எதுவும் இருக்காது என்பதால், 200 ரூபாய்ப் பொருளுக்கும் பில் போடுங்கள். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கடன் தவணை எதுவும் விற்பனைப் பணம் வரும் கணக்கில் இருக்கக் கூடாது. "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்புங்கள்.

மழைக்காலத்துக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் கரண்ட் வர நாட்கணக்கானது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், ஆனால் தெருவில் உள்ள ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் போனால் இணையம் நிற்கும். ஆகவே வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டா வேண்டும். சரக்கு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கட்டும். வீட்டுக் காப்பீடு பொதுவாக வியாபாரச் சரக்கை ஏற்காது. 5 கோடி ரூபாய் மதிப்பு வரையிலான தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து உள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி வெள்ளத்தையும் ஏற்கும். கொள்முதல் பில்கள் இல்லாமல் கிளெய்ம் நகராது, அவற்றின் படங்களும் ஷீட் இருக்கும் அதே கூகுள் டிரைவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு தாள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ (*#06# அழுத்தினால் வரும்), வங்கிகளின் கார்டு முடக்கும் எண்கள், 1930, கூரியர் கிளை எண், ஷீட் இருக்கும் இடம். போன் திருடுபோனால் போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த ஐஎம்இஐயை முடக்கலாம். தாளை எழுதிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைத்துவிட்டு, தாளையும் லேப்டாப்பையும் மட்டும் கொடுத்து வீட்டில் வேறொருவரை மூன்று பார்சல் அனுப்பச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் உங்களைக் கூப்பிடுகிறாரோ அந்த விவரத்தைத் தாளில் சேருங்கள்.