பாலியல் அத்துமீறல்: சொல் விளக்கம்

குழந்தைகள் மீது நடக்கும் பாலியல் குற்றத்தைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தொல்லை, சீண்டல், சில்மிஷம், பலாத்காரம், வன்கொடுமை, துஷ்பிரயோகம் என்று ஒரு வாரச் செய்தித்தாளிலேயே அரை டஜன் கிடைக்கும். எது எதைக் குறிக்கிறது என்பதில்தான் குழப்பம். நீலகிரியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும், புகார் எழுதப் பேனாவைத் திறந்து யோசிக்கும் பெற்றோருக்கும் இந்தக் குழப்பம் சில்லறை விஷயமல்ல.

'பாலியல்' தெளிவான சொல். பால் என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பால் என்று இலக்கணத்தில் படித்தது. அதோடு 'இயல்' சேர்ந்து பிற்காலத்தில் உருவான சொல் இது. சிக்கல் அதற்குப் பின்னால் ஒட்டும் சொல்லில் இருக்கிறது.

துஷ்பிரயோகம் வடசொல். துஷ் என்றால் தீய, பிரயோகம் என்றால் பயன்படுத்துதல். அதிகார துஷ்பிரயோகம் என்றால் பொருந்துகிறது. அதிகாரம் பயன்படுத்துவதற்கென்றே இருப்பது. குழந்தை அப்படியா? இலங்கைத் தமிழில் 'சிறுவர் துஷ்பிரயோகம்' அரசு வழக்கிலேயே ஊன்றிவிட்டது. அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியிருப்பதால் இந்த மலையிலும் அது அந்நியமான சொல் அல்ல. ஆனாலும் எனக்கு அது ஒட்டவில்லை.

வன்கொடுமை, பலாத்காரம் இரண்டிலும் பலவந்தம் இருக்கிறது. நடப்பதில் பெரும்பகுதி பலவந்தமாகத் தொடங்குவதே இல்லை. நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். மிட்டாய், செல்போனில் கேம், பள்ளி வேனில் முன் சீட்டு என்று சலுகையாகத்தான் அது வரும். அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடும் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில், 'பிள்ளையை நான் பார்த்துக்கிறேன் அக்கா' என்ற உதவியாகவும் வரும். அங்கே 'வன்' எதுவும் தெரியாது. அதனால்தான் 'அடிக்கல, மிரட்டல, அப்புறம் எப்படி?' என்று பெரியவர்களே கேட்கிறார்கள்.

சில்மிஷம் குறும்புக்கான சொல்; குற்றத்துக்கு அதைப் போடுவது பத்திரிகைக்காரர் செய்யும் அநியாயம். 'கெடுத்துட்டான்', 'கற்பழிப்பு' இரண்டும் இன்னும் மோசம். கெடுத்தவன் அவன், ஆனால் 'கெட்டுப்போனவள்' என்ற பெயர் பெண்ணுக்கு. போதாததற்கு, இந்தச் சொற்களில் ஆண் பிள்ளைக்கு இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லாரையும், ஆண் பெண் வேறுபாடின்றி, குழந்தை என்கிறது.

அத்துமீறல் என்ற சொல்லுக்கு வருவோம். அத்து என்றால் எல்லை. அரபியில் 'ஹத்', உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ('மரத்தை' என்பதில் வருகிற அத்துச் சாரியை வேறு, இதற்கு உறவில்லை.) தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'எல்லைமீறல்' என்று எழுதலாம். 'வரம்புமீறல்' வேண்டாம் என்பேன். பெரியவர்கள் இருவர் சம்மதித்துப் பழகுவதைப் பத்திரிகைகள் 'வரம்பு மீறிய உறவு' என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லில் சம்மத வாடை ஏறிவிட்டது.

அத்துமீறலுக்குப் பலவந்தம் தேவையில்லை, வலி தேவையில்லை, குழந்தை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டியதும் இல்லை. எல்லையைத் தாண்டியவர் யாரோ அவர் மட்டுமே அந்த வினைக்கு எழுவாய்.

தொடாமலும் அத்து மீறலாம். இது பள்ளிகளில் சரியாகப் போய்ச் சேரவில்லை. 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறோம். 'தொடல மிஸ், போன்ல காட்டினாங்க, அது எதுல வரும்?' என்று ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டால் அந்தப் பாடத்தில் பதில் இல்லை. சட்டத்தில் இருக்கிறது. 11-ஆம் பிரிவின்படி பாலியல் நோக்கத்தோடு ஆபாசப் படம் காட்டுவது, சைகை செய்வது, உடலைக் காட்டச் சொல்வது, திரும்பத் திரும்பப் பின்தொடர்வது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை.

தொடுதல் என்ற சொல்லே நீதிமன்றத்தில் ஒருமுறை சிக்கலானது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, தோலோடு தோல் படாமல் உடைக்கு மேலே தொட்டது பாலியல் தாக்குதல் எது என்று சொல்லும் போக்சோவின் 7-ஆம் பிரிவில் வராது என்று தீர்ப்பளித்தது. இதை ஊட்டியில் வைத்துப் பாருங்கள். சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், மழைக் காலத்தில் அதற்கும் மேல் ஜெர்கின், காதைச் சுற்றி மப்ளர் என்று வருஷம் முழுக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் இந்த மலையில் எத்தனை புகார் 7-ஆம் பிரிவுக்குள் நுழைந்திருக்கும்? உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர் 18-இல் அதை ரத்து செய்தது. பார்க்க வேண்டியது பாலியல் நோக்கத்தை, தோல் பட்டதா என்பதை அல்ல என்றது.

2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு சொல்லையே மாற்றச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்த அந்த வழக்கில், 'குழந்தை ஆபாசப் படம்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரை நீதிமன்றங்கள் இனிப் பயன்படுத்தக் கூடாது என்றது. அது ஏதோ ஒரு படம் அல்ல, குழந்தை மீது நடந்த குற்றத்தின் பதிவு என்பது காரணம். தமிழில் 'குழந்தைப் பாலியல் சுரண்டல், அத்துமீறல் பதிவு' எனலாம். நீளம்தான்; தலைப்புக்கு இடம் போதாது என்று சுருக்கிவிடாமல் இருந்தால் சரி. பாலியல் கல்வி பற்றிய தயக்கத்தை விடவேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு பேசியது.

அந்தக் கல்வி உடலுறுப்புகளின் பெயரில் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் அதற்குப் பெயர் 'பப்பி ஷேம்'. வெட்கத்தையே பெயராக வைத்துக் கொடுத்துவிட்டு, அங்கே யாராவது கை வைத்தால் வெட்கப்படாமல் வந்து சொல் என்றால் பிள்ளை எப்படிச் சொல்லும்? பந்தலூர்ப் பக்கம் இன்னொரு சிரமமும் சேர்கிறது: வீட்டில் பணியர் பழங்குடியினரின் மொழி, கடையில் மலையாளம், வகுப்பில் தமிழ். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவின் மொழியைக் கேட்பதே விடுமுறையில்தான். பாதுகாப்பு வகுப்பை அந்தந்த மொழி தெரிந்த ஒருவரை உட்காரவைத்து நடத்தும் பள்ளிகள் வேண்டும். சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098-ம் பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417-ம் எழுதிவைப்பது அவசியம்தான், ஆனால் போனை எடுத்த பிறகு பேசுவதற்குப் பிள்ளையிடம் வார்த்தை இருக்க வேண்டுமே.

சட்டம் இதை யோசித்திருக்கிறது. குழந்தை நேரடியாகச் சொல்லும் புகாரை, அதற்குப் புரியும் எளிய மொழியில் பதிய வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தரவேண்டும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடையில்லாமல் வந்து வாங்க வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். ஆக, அத்துமீறல் என்ற சொல் பெரியவர்கள் சரியாக எழுதுவதற்கு. பிள்ளை 'வேன்ல அந்த அண்ணா…' என்று இழுத்தாலே போதும். அதைக் கேட்டும் போலீஸில் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தைக்கு மட்டும் எந்தத் தண்டனையும் கிடையாது.