பிச்சாவரத்தில் தண்ணீருக்கு வழிவிட்ட கதை

கடலோர அலையாத்திக் காட்டில் வளரும் சுரபுன்னை மரத்துக்கு நாற்றுப் பண்ணை தேவையில்லை. விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு, சேற்றில் விழுந்து வேர்பிடிக்கும். இல்லாவிட்டால் மிதந்துபோய் வேறெங்காவது கரை ஒதுங்கி முளைக்கும். தன்னைத் தானே நட்டுக்கொள்ளும் இந்த மரம் சூழ்ந்திருந்தும், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், காட்டுக்கு நடுவே ஏக்கர் கணக்கில் வெற்று உவர்நிலம் பல வருடங்களாகக் கிடந்தது.

பழி அக்கம்பக்கத்துக் கிராமத்தார் மேல் விழுந்தது. மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள், காடு போயிற்று என்பது வழக்கமான விளக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரியவந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை, காட்டைக் கூறு போட்டு, முறைவைத்து ஒவ்வொரு கூறாக மொட்டையடித்திருக்கிறார்கள். திருட்டு வெட்டு இல்லை. அரசே திட்டம் போட்டு வெட்டியது.

மரம் போனதும் நிழல் போனது. வெயிலில் களிமண் காய்ந்து, சுருங்கி, அமுங்கியது. அமுங்கிய அளவு சொற்பம்தான். ஆனால் சோழமண்டலக் கரையில் ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கமே பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே சில அங்குலப் பள்ளம்கூடப் பெரிய விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும்போது தண்ணீர் உள்ளே ஏறும். வற்றும்போது பள்ளத்தில் இருப்பது வெளியேற வழியில்லை.

தேங்கிய நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. பாதியாகச் சுண்டினால் அது 70 கிராம். அடுத்த பெருக்கு மேலும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். அதே காட்டில் வளரும் வெண்கண்டல் உப்பைத் தாங்குவதில் கெட்டிக்கார மரம். உறிஞ்சிய உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடும். மழையில்லாத நாளில் அதன் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த மரமே அங்கே தோற்றுப்போனது. போதாததற்கு, சேற்றுக்கு மேலே தலைநீட்டிக் காற்று வாங்கும் அதன் மூச்சுவேர்கள் வடியாத நீரில் மூழ்கித் திணறும்.

சரி, என்ன செய்தார்கள்? தேங்கிய நீருக்கு வழி வெட்டினார்கள். ஓடையிலிருந்து பள்ளத்தின் குறுக்கே ஒரு பெரிய கால்வாய். இரு பக்கமும் சாய்வாக வந்து அதில் சேரும் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். முறையின் பெயரும் அதுதான். சாய்வாகச் சேர்வதால் நீர் முட்டி நிற்காமல் ஓடும். ஓதம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மண்ணிலிருந்து கொஞ்சம் உப்பு கரைந்து வெளியேறும். மழைக்காலத்தில் இன்னும் வேகமாக.

கன்றை எந்த மட்டத்தில் நடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கால்வாய் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். சரிவின் உச்சியில் நட்டால் காய்ந்துவிடும், அடியில் நட்டால் மூழ்கிவிடும். ஏற்றத்தில் நனைந்து இறக்கத்தில் வெளியே தெரியும் நடுச்சரிவே சரியான இடம். கிராம மக்களும் வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இதைச் செய்தார்கள். வெற்றுத் தரையில் பச்சை திரும்பியது. அப்புறம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் மீன்முள் கால்வாய்கள் வந்தன.

கன்று நடும் விழாக்கள் மேல் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். பிலிப்பைன்ஸில் நீர் வடியாத தாழ்ந்த சேற்றில் வரிசை வரிசையாக நட்ட கன்றுகள் பெருமளவில் செத்தன. ஃபுளோரிடாவின் வெஸ்ட் லேக் பகுதியில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் நிலமட்டத்தையும் நீரோட்டத்தையும் சீர்செய்தார். மிதந்து வந்த விதைகளே அங்கே காட்டை எழுப்பின. பாழான நிலம் செத்த நிலம் அல்ல என்று நம்ப எனக்கு இந்த ஒரு சான்று போதும்.

ஆனால் கால்வாய் கடல்நீரைத்தான் கொண்டுவரும், கொள்ளிடத்து நன்னீரை அல்ல. நன்னீர் குறையக் குறைய, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் பெருகும், மற்ற இனங்கள் ஒதுங்கும். கால்வாய்களும் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். அதனால் இப்படியொரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, கன்று நட்ட பிறகு வரும் வருடங்களின் தூர்வாரும் செலவையும் முதலிலேயே சேர்த்துத்தான் ஒதுக்க வேண்டும்.